பேலன்ஸ்டு சார்

பாட்டு ஓடும்போது இவர் கண்ணை மூடமாட்டார். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்வரை ஊசி சும்மா ஓடுமே, அந்த நான்கைந்து வினாடியில்தான் கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்ப்பார். "கேட்டுச்சா?" என்பார். "ஒண்ணும் கேக்கலையே சார்" என்றால், "அதான்!" என்று தொடையைத் தட்டிக்கொள்வார்.

ஃபிளாட்டில் இவருக்குப் பெயர் பேலன்ஸ்டு சார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் இது ஏதோ பேலன்ஸ் ஷீட் சமாச்சாரம் என்று வாட்ச்மேன் நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையில் எல்லாம் ஒரு ஃபோனோ பிரீஆம்பால் வந்த வினை. அதில் பேலன்ஸ்டு அவுட்புட் இருக்க வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது.

இசைத்தட்டிலிருந்து ஊசி எடுத்துத் தரும் சிக்னல் சுமார் 5 மில்லிவோல்ட். மூவிங் காயில் ரகமென்றால் பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்கூடத் தேறாது. அதை நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு பெருக்க வேண்டும். தட்டை வெட்டும்போதே பேஸைக் குறைத்து, டிரெபிளைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். 1954-இல் வந்த ஆர்ஐஏஏ கணக்குப்படி அதைத் திரும்பச் சரிசெய்வதும் இந்தச் சின்னப் பெட்டியின் பொறுப்பு. இதையெல்லாம் சார் லிஃப்டில் விளக்குவார். மூன்றாவது மாடி வருவதற்குள் ஆர்ஐஏஏ முடிந்துவிடும். நான்காவது மாடிக்காரர்களுக்கு மட்டும்தான் பேலன்ஸ்டு பற்றியும் கேட்கும் பாக்கியம்.

ஒரே சிக்னலை நேராக ஒரு கம்பியிலும் தலைகீழாக இன்னொரு கம்பியிலும் அனுப்புவதுதான் அது. வழியில் தொற்றிக்கொள்ளும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மறுமுனையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரைச்சல் போய்ப் பாட்டு மிஞ்சும். கச்சேரி மேடையிலும் ஸ்டூடியோவிலும் முப்பது, நாற்பது மீட்டர் கேபிள் இழுப்பவர்களுக்கு இது இல்லாமல் பிழைப்பே இல்லை. சார் வீட்டுக் கேபிள் ஒரு மீட்டர். அதிலும் பாதியைச் சுருட்டி டேப் ஒட்டி வைத்திருக்கிறார்.

பெட்டி தேடிய கதை தனி. ரிச்சி தெருவில் ஒரு கடைப் பையன், "அதெல்லாம் எதுக்கு சார்? ப்ளூடூத்தோட ஒண்ணு இருக்கு, தட்டே வேணாம்" என்றானாம். அன்று சாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஐஃபை ஜென் ஃபோனோவைப் பார்த்தார். பேலன்ஸ்டு அவுட்புட் உண்டு, ஆனால் வழக்கமான எக்ஸ்எல்ஆர் சாக்கெட் இல்லை, 4.4 மில்லிமீட்டர் துளை. அதற்குத் தனிக் கேபிள் வேண்டும். பாரசவுண்டில் முறையான எக்ஸ்எல்ஆரே இருந்தது. விலையைப் பார்த்ததும் மனைவி வருகிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு ஃபோனை மூடினார். கடைசியில் ஒன்று வாங்கினார். விலை கட்டுப்படியானதுதான். அதைச் செருக அவருடைய ஆம்ப்ளிஃபையரில் எக்ஸ்எல்ஆர் இன்புட் இல்லாததால் ஆம்ப்ளிஃபையரையும் மாற்ற வேண்டியதாயிற்று. அந்தச் செலவைப் பிரீஆம்ப் தலையில் கட்டுவது நியாயமில்லை என்பது வங்கிக்காரரின் கணக்கு.

அதன்பிறகும் லேசாக ஒரு இரைச்சல் இருந்தது. மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்தான் குற்றவாளி என்று கண்டுபிடித்தார். இப்போது பாட்டென்றால் ஃபேன் கிடையாது. மே மாதத்தில் அவர் வீட்டுக்குப் பாட்டுக் கேட்கப் போகிறவர்கள் துண்டோடு போவது வழக்கம். ஃபிரிஜ் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும்போது ஸ்பீக்கரில் ஒரு 'டொக்' கேட்குமாம். அதனால் அதன் பிளக்கையும் பிடுங்கிவிடுவார். காபிக்குப் பால் திரிந்திருந்தால் விருந்தாளி ரசிகர் என்று அர்த்தம்.

இத்தனைக்கும் ஓடுவது என்ன தட்டு? மூர் மார்க்கெட்டில் பொறுக்கிய பழைய எச்எம்வி. ஏதோ ஒரு மைக்செட்காரரிடம் இருந்து, ஊர் ஊராகக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஓடித் தேய்ந்தது. ஊசியை வைத்ததும் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு சடசடப்பு. இதை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அது தட்டோட நாய்ஸ் சார்! என் சிஸ்டத்துல நாய்ஸ் எங்க இருக்கு சொல்லுங்க" என்றார். அந்த முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தால், செலவழித்த பணம் வீண் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது.

போன வாரம் புதிதாக ஒன்று தெரிந்துகொண்டிருக்கிறார். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் பிறவியிலேயே பேலன்ஸ்டாம். ஒவ்வொரு காயிலுக்கும் இரண்டு முனை, பெரும்பாலானவற்றில் எதுவும் எர்த்தைத் தொடுவதில்லை. நடுவில் வரும் ஆர்சிஏ வயர்தான் அந்தப் பிறவிக் குணத்தைக் கெடுக்கிறது. ஆகவே இன்புட்டும் பேலன்ஸ்டாக உள்ள பெட்டிதான் வேண்டும். புரோஜெக்ட் கம்பெனியில் அப்படி ஒன்று இருக்கிறது.

"அப்போ இத்தனை நாளும் பாதிதான் பேலன்ஸ்டா?" என்றார் அவர் மனைவி, விசிறி மட்டையால் விசிறிக்கொண்டே.

சார் காதில் விழவில்லை. டர்ன்டேபிளுக்குப் பின்னால் குனிந்து, ஆர்சிஏ பிளக்கை எந்த இடத்தில் வெட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.