ரிசல்ட் உங்களுடையது, கையெழுத்து யாருடையதோ

வீட்டு பீரோவில் பழைய லேப் ரிப்போர்ட் ஒன்று கிடக்கும். எடுத்துக் கடைசிப் பக்கத்தின் அடியைப் பாருங்கள். கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் சில வரிகள். இந்த அறிக்கை சட்டப் பயன்பாட்டுக்கு உரியதல்ல. ஐயமிருந்தால் தொடர்புகொள்ளவும். மருத்துவரின் கருத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளவும். காசு வாங்கியது நாங்கள், நம்பித் தொலைத்தது நீங்கள் என்று ஒரே வரியில் போட்டிருக்கலாம். மையாவது மிச்சமாகும்.

மேலே மட்டும் கொட்டை எழுத்து. 'பாசிட்டிவ்'. அதை நம்பி ஒருவர் உயில் எழுதுவார். ஒருத்தி கல்யாணத்தை நிறுத்துவாள். ஓர் அப்பா பிள்ளைகளுக்குத் தெரியாமல் விடிய விடிய மொட்டைமாடியில் நடப்பார். மூன்றாம் நாள் வேறு லேபில் 'நெகட்டிவ்' வரும். முதல் லேபுக்குப் போன் போட்டால், "ரிப்பீட் பண்ணிப் பாத்துடலாம் சார், சாம்பிள் எடுக்க ஆள் அனுப்பவா?" என்பார்கள். நடுவில் போன மூன்று ராத்திரிக்கு பில் கிடையாது. அது இலவசம்.

லேப் அறிக்கையில் கையெழுத்துப் போட, நோயியலில் முதுகலை முடித்த பதிவுபெற்ற மருத்துவர் வேண்டும் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சொல்ல வேண்டியிருந்தது, கவனியுங்கள். லேபின் தரத்துக்குச் சான்றான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் வாங்குவது இன்னமும் லேபின் விருப்பம்தான். ஹெல்மெட் இல்லாமல் பைக் ஓட்டினால் அபராதம். அங்கீகாரம் இல்லாமல் உங்களுக்குப் புற்றுநோய் என்று சொல்லலாம்.

சொன்னார்கள். 2019இல் கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு பெண்ணின் மார்புக் கட்டி மாதிரி இரண்டு இடங்களுக்குப் போனது. தனியார் லேப் முந்திக்கொண்டு 'புற்றுநோய்' என்றது. கீமோ தொடங்கியது. கல்லூரியின் சொந்த லேப் ஆற அமர அறிக்கை தந்தது: புற்றுநோய் இல்லை. அதற்குள் முடி கொட்டிவிட்டது. முடி வளர்ந்துவிடும் என்று ஆறுதல் சொல்ல நாலு பேர் வந்திருப்பார்கள். சாவை எண்ணிப் படுத்த ராத்திரிகள் என்ன, மறுபடி முளைக்கிற சாமானா?

அது இல்லாததை இருக்கிறது என்ற கதை. இருப்பதை இல்லை என்ற கதைக்குப் பக்கத்து மாநிலம் போக வேண்டாம். சாத்தூர் போதும்.

2018 டிசம்பர் 3. சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு ரத்த வங்கியிலிருந்து, சோதித்தது, பாதுகாப்பானது என்ற பெயரோடு வந்த ரத்தம். அதில் எச்.ஐ.வி. இருந்தது. கொடுத்தவர் 19 வயது இளைஞர். உறவினருக்காகக் கொடுத்தது. 2016இலும் ஒருமுறை கொடுத்திருந்தார். அப்போதே எச்.ஐ.வி. தெரிந்துவிட்டது. யாருக்கு? பதிவேட்டுக்கு. அவருக்குத் தெரியாது.

புதுத் தொற்று சில வாரம் சோதனையில் சிக்காமல் போகும், அது அறிவியல். இரண்டு வருடத் தொற்று சிக்காமல் போனால் அதற்கு வேறு பெயர். அச்சில் போட முடியாது.

இந்த நாட்டில் ஓர் ஆளைத் தேடிப் பிடிப்பது அவ்வளவு கஷ்டமா? தேர்தலுக்கு முந்தின ராத்திரி, வீட்டில் எத்தனை ஓட்டு என்று எண்ணிக் கவர் வருகிறது. கடன் தவணை ஒரு நாள் தவறினால் பெரியம்மா மகனுக்குப் போன் போகிறது. ரத்தம் கொடுத்தவருக்கு ஒரு வார்த்தை மட்டும் இரண்டு வருடமாகப் போய்ச் சேரவில்லை. சோதனைக்கு முன்னும் பின்னும் கவுன்சலிங் தர வேண்டும் என்ற எச்.ஐ.வி. சட்டம் நடைமுறைக்கு வந்ததே அந்த வருடம் செப்டம்பர் 10இல்தான். மூன்று மாதக் குழந்தை, பாவம். நடக்கவா முடியும்?

வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கலில்தான் அந்தப் பையனுக்குத் தெரிந்தது. ஓடி ஒளிந்திருக்கலாம். என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று அவரே ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொன்னார். ஏற்றி முடித்திருந்தார்கள். இந்தக் கதையில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

செய்தி வெடித்தது. அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, டிசம்பர் 30 அன்று மதுரை அரசு மருத்துவமனையில் இறந்துபோனார். வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி, தன் உடம்பில் ஏறியதையும் பிள்ளைக்கு அது போகுமா என்பதையும் எண்ணி எண்ணி நாளைக் கடத்தினாள்.

அதற்குப் பிறகு பாருங்கள் அரசு இயந்திரத்தின் வேகத்தை. விசாரணைக் குழு. ஊழியர்கள் மீது நடவடிக்கை. மாநிலம் முழுக்க இருப்பில் உள்ள ரத்தத்தை மறுபடி சோதிக்க உத்தரவு. அப்படியானால் முதல் சோதனை எதற்கு என்று கேட்கக் கூடாது. அது கொள்கை முடிவாக இருக்கும். அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான் உத்தரவிட வேண்டியிருந்தது.

பையன் வீட்டு முகவரி? 2016இலிருந்து கிடைக்காத அந்த முகவரியை டிவி கேமராக்கள் கையோடு கண்டுபிடித்துவிட்டன.