உன் சாரை என்கிட்ட அனுப்பு

வாங்க அப்பு, எல்லாரும் உக்காருங்க. பாயி போதும்ல? 'இளம் பயிற்றுநர் பயிற்சி முகாம்'னு பேனர் அடிச்சாச்சாமே. தலைவர்களை உருவாக்குறோம்னு கீழ ஒரு வரி. நல்ல காரியம். என் பேத்தியும் மூணு நாளு தி.நகர் ஏசி ஹால்ல உருவாகிட்டு வந்து, சளி புடிச்சுத் தும்மிக்கிட்டு கெடந்தா.

அங்க என்ன சொல்லிக் குடுத்தாகன்னு கேட்டேன். மொத நாளு வட்டமா நின்னு பந்தைத் தூக்கிப் போட்டு ஒருத்தர் பேரை ஒருத்தர் கேட்டாகளாம். எல்லாம் ஒரே காலேஜு, ஒரே பஸ்ஸுல தொங்குற பிள்ளைக. ரெண்டாம் நாளு, நல்ல தலைவருக்கு என்னென்ன குணம் வேணும்னு சார்ட்டு பேப்பர்ல எழுதினாகளாம். 'பிறர் சொல்வதைக் கேட்கும் திறன்'னு ஒண்ணு. அந்தத் திறனைப் பத்திப் பயிற்சி குடுத்த சாரு ஒரு மணி நேரம் பேசினாராம், நடுவுல ஒரு பிள்ளையையும் வாயைத் தொறக்க விடலையாம். மூணாம் நாளு சர்டிபிகேட்டு. தலைவரு ரெடி. கூட்டம்தான் பாக்கி.

கோவிச்சுக்காதீக. நான் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரி, வாயி கொஞ்சம் நீளம். எனக்கு எழுத்து சொல்லிக் குடுத்தவன் மீசை சரியா மொளைக்காத பய. 1991ல அறிவொளி இயக்கம்னு ஊர் ஊரா வந்துச்சு பாருங்க, அதுல. பகல் பூரா களை எடுத்துட்டு வந்த பொம்பளைக அவனுக்கு மாணவிக. ஒருத்தி தூங்கி விழுவா, ஒருத்தி பிள்ளைக்குப் பால் குடுப்பா, நான் அவன் அப்பன் வாங்கின கடனைப் பத்தி விசாரிப்பேன். மொதல்ல அழுகுற மாதிரிதான் நின்னான். பொறவு ஒரு நாளு புஸ்தகத்தை மூடி வச்சுட்டு, 'எல்லாரும் ரேசன் கார்டை எடுத்துட்டு வாங்க'ன்னான். கடைக்காரன் எதுல எவ்வளவு எழுதிருக்கான்னு அன்னைக்குப் பாத்தோம். அப்பறம் ஒருத்தியும் தூங்கல. இதை அவனுக்கு எந்த சாரும் சொல்லிக் குடுக்கல, நாங்கதான் கொட்டாவி விட்டே கத்துக்குடுத்தோம்.

அப்ப கலெக்டரா இருந்தவுக ஷீலா ராணி சுங்கத்து அம்மா. சைக்கிள் ஓட்டுறதும் அறிவொளில சேத்தின்னுட்டாக. லேடீஸ் சைக்கிளு கெடைக்கல, ஆம்பளை சைக்கிள்லயே ஏறிட்டோம். முன்பாரு, பிள்ளையை உக்கார வைக்க வசதியாப் போச்சு. எனக்குப் பழக்கினவ சீட்டைப் புடிச்சுக்கிட்டே பின்னாடி ஓடி வந்தா. ஒரு எடத்துல, என்கிட்டச் சொல்லாமயே கையை விட்டுட்டா சண்டாளி. விடப்போறேன்னு சொல்லிருந்தா நான் அங்கயே விழுந்திருப்பேன்.

உங்க முகாம்ல கையை எந்த நாளு விடுறாக? அஜெண்டாவுல பாரு தாயி, டீ பிரேக்குக்கு முன்னாடியா பின்னாடியா?

சரி, புதுக்கோட்டை தூரம், விடுங்க. மண்டவெளியில இருந்து பஸ் ஏறினா பெசன்ட் நகரு. அங்க 1988ல இருந்து காலேஜு பிள்ளைக ஒரு வேலை பாக்குறாக. இங்கிலீசுல எஸ்.எஸ்.டி.சி.என்னாம், மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் கூட்டம்னு வச்சுக்கங்க. ஜனவரியில தொடங்கி, பங்குனி ஆமை முட்டை போடுற மாசம் பூரா, நீலாங்கரையில இருந்து பெசன்ட் நகர் வரைக்கும் ஏழு கிலோமீட்டர் கிட்டக்க ராவோட ராவா நடக்குறது. சனி ராத்திரியில ஊரு சனமும் கூட வரலாம். பேத்தி என்னையும் இழுத்துட்டுப் போனா. களை எடுத்த காலு, பாதி தூரம் தாங்குச்சு.

முன்னாடி நிக்கிறவன் ரெண்டாம் வருசம் படிக்கிற பய. பின்னாடி ஐ.டி. மேனேஜரு, ரிட்டயர்டு பேங்க் ஆபீசரு, மயிலாப்பூர் மாமி ரெண்டு பேரு. 'டார்ச்சை அணைங்க சார்'ங்குறான் பய. மேனேஜரு அணைக்கிறாரு. ஆபீசுல அவரை எவனாவது அப்பிடிச் சொல்ல முடியுமா?

அன்னைக்கு ஆமை வரல. ரெண்டு மணிக்கு மேனேஜரு, 'எப்பப்பா வரும்?'னாரு. பய என்ன சொன்னான் தெரியுமா? 'தெரியாது சார். வராமயும் போகலாம்.' ஏத்தா, உன் முகாம்ல இதுக்கு ஒரு செஷன் இருந்துச்சா? ஆமை வந்துட்டா கூட்டத்தை எவனும் நடத்துவான், எல்லாரும் ஆமையைப் பாத்துக்கிட்டு நிப்பாக. வராத ராத்திரி, தூக்கம் சொக்குற முப்பது பேரை விடியக்காலம் வரைக்கும் கட்டி மேய்க்கிறதுதான் சோலி.

கொஞ்சம் தள்ளி ஒரு தடம் தெரிஞ்சுச்சு, ஆமை முன்னாடியே வந்துட்டுப் போயிருக்கு. பய உச்சுக்கொட்டல. குச்சியை மெதுவா மணல்ல எறக்குறான். கெட்டியா இருந்தா வேற எடம், பொசுக்குனு உள்ள போனா அதுதான் குழி. கையை விட்டு மண்ணை அள்ளி, நூறு முட்டைக்கு மேல ஒவ்வொண்ணா எடுத்துப் பையில வச்சான். அதே ஆழத்துக்கு, குஞ்சு பொரிக்க வைக்கிற பட்டியில குழி தோண்டிப் பொதைக்கணுமாம். நாப்பத்தஞ்சு நாளு சொச்சம் கழிச்சுக் குஞ்சு வருமாம். மணல் சூடு கூடுனாப் பொட்டைக் குஞ்சாம். எங்க ஊரு வெயிலுக்கு என் வீட்டுல அஞ்சும் பொண்ணாப் போன கணக்கு அன்னைக்குத்தான் வெளங்குச்சு. அதை நான் சத்தமாச் சொல்லவும் மாமிக ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டாக. பய சிரிச்சுட்டு, அந்தப் பேச்சைப் புடிச்சுக்கிட்டே மேல போயிட்டான். கெட்டிக்காரன்.

2025 ஜனவரியில இந்தக் கரையோரமா ஆயிரத்துக்கு மேல ஆமை செத்து ஒதுங்குச்சே, ஞாபகம் இருக்கா? வலையில சிக்கி, மூச்சு விட மேல வர முடியாமச் செத்தது. அந்த மாதிரி நேரத்துல ஃபிளாட்டுக்காரரு வந்து, 'எல்லாம் இந்த மீனவங்களால'ன்னு சொல்லுவாரு, பக்கத்துலயே குப்பத்து ஆளு நிப்பாரு. அப்ப என்ன பண்ணுவ? கரையில இருந்து அஞ்சு கடல் மைலுக்குள்ள இழுவைப் படகு வரக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, அந்தப் படகு வேற, இவரு ஃபைபர் போட்டு வேறன்னு எடுத்துச் சொல்லணும். பந்து போட்டு வெளையாட நேரமிருக்காது அப்பு.

அதென்ன, அடுத்த முகாம் ஊரூர் குப்பத்துலயாம்? 'கடல் விழிப்புணர்வு'. குப்பத்துப் பிள்ளைகளுக்கு நீங்க கடலைப் பத்திச் சொல்லப் போறீக! கொல்லன் தெருவுல ஊசி விக்கப் போன ஆளு உங்க சொந்தக்காரரா? அங்க ஒரு கிழவரு காத்து திரும்புறதை முதுகுல உணர்ந்து சொல்லுவாரு, நீ போனைத் தடவி ஆப்பு தேடுறதுக்குள்ள. அந்த வீட்டுப் பொண்ணு ஒருத்தி பேசட்டும். நீங்க பாய் விரிங்க, மைக்கு ஒயரைச் சுத்துங்க.

பிள்ளைக்கு என்ன தெரியும்னு மட்டும் சொல்லாதீக. 2021ல இல்லம் தேடிக் கல்வி வந்தப்ப பன்னண்டாவது முடிச்ச பொண்ணுக கூட, மாசம் ஆயிரம் ரூவாய்க்கு, சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் திண்ணையில வாண்டுகளைக் கட்டி மேச்சாக. வாண்டுகளைவிட ஐ.டி. மேனேஜரு லேசு.

என்ன தம்பி முழிக்கிற? வர்ற சனிக்கிழமைக் கூட்டம் யாரு நடத்துறா? நீயா? பக்கத்துலயே நின்னு ஒன்னொண்ணுக்கும் திருத்தம் சொல்ல உன் சாரு வருவாருல்ல? அவரை அன்னைக்குக் காலையில என்கிட்ட அனுப்பு. மண்டவெளி மார்க்கெட்டுக்கு என்கூட வந்து பை தூக்கட்டும். வெண்டைக்காயை ஒடிச்சுப் பாத்து வாங்கி முடிக்க எனக்கு மத்தியானம் ஆயிரும்.