கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது

மணவாளநல்லூர் அருள்மிகு கொளஞ்சியப்பர் சமூகத்துக்கு, விருத்தாசலம் வட்டத்துக் குடிமகன் எழுதிக் கட்டும் பிராது.

ஐயா, வரப்புத் தகராறு, வராத கடன், காணாமல் போன மாடு என்று தங்கள் சந்நிதியில் கட்டப்படும் காகிதங்களுக்கு நடுவே இது கொஞ்சம் நவீன வழக்கு. ஆதார் நகல் இணைக்கவில்லை. தாங்கள் அதைக் கேட்பதில்லை என்பதால்தான் திங்கட்கிழமை மனுநீதி வரிசையை விட்டு இங்கே வந்தேன். ஊரின் தூரத்தைக் கணக்கிட்டுப் படிக்காசும் கட்டியாயிற்று. சாமிக்கே பயணப்படி கொடுத்துக் கூப்பிடுகிற வட்டாரம் இது. சென்னையிலிருந்து வருகிற நிபுணர் கேட்டால் குற்றம் சொல்ல முடியுமா?

சங்கதி இதுதான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான நடத்தைச் சிகிச்சையில் இனிமேல் பூர்வகுடிப் பார்வையைச் சேர்க்கப் போகிறார்களாம். உலகமெங்கும் இப்போது இதுதான் கருத்தரங்கத் தலைப்பு. நம் பக்கமும் வந்து சேர்ந்துவிடும். எப்படிச் சேர்ப்பார்கள் என்று நான் இப்போதே சொல்லிவிடுகிறேன். வாசலில் ஒரு மண்பானை. மேடையில் ஐந்து நிமிடம் பறை. மதியம் தினைப் பாயசம். திரையில் ஒரு பழங்குடிக் கிழவியின் சிரித்த முகம், பக்கத்தில் மூன்று ஆங்கில வாக்கியம். கிழவிக்கு அழைப்பு போயிருக்காது. மூன்று மணிக்குப் பூர்வகுடிப் பார்வை முடிந்துவிடும். அதற்கப்புறம் பழைய பாடம், பழைய ஃபீஸ்.

அந்தப் பழைய பாடத்தின் ஜாதகத்தையும் தங்கள் கோப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் ஐவார் லோவாஸ் என்றொரு பேராசிரியர் இருந்தார். 1965இல் ‘லைஃப்’ இதழ் அவர் கூடத்தைப் படம் பிடித்துப் போட்டது. சொன்னபடி செய்தால் ஒரு வாய் சாப்பாடு, செய்யாவிட்டால் கன்னத்தில் அறை. தரையில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்ததும் உண்டு. இந்தப் பிள்ளைகளிடம் மனித உடம்புதான் இருக்கிறது, உள்ளே மனிதரை நாம்தான் கட்ட வேண்டும் என்ற பொருளில் 1974இல் ஒரு பேட்டியும் கொடுத்தார். 1987இல் வந்த அவருடைய ஆய்வில் வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி. 19 பிள்ளைகளில் 9 பேர் இயல்பாகிவிட்டார்கள் என்று கணக்கு. அந்த 9 பேரைக் காட்டித்தான் இன்றைக்கும் கடை நடக்கிறது. அறை போய்விட்டது, அதன் இடத்தில் மிட்டாய் வந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் உண்மை. ஆனால் மாசசூசெட்ஸில் ஜட்ஜ் ரோட்டன்பர்க் மையம் என்ற இடத்தில் தோலில் மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி இருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதற்கு 2020இல் போட்ட தடையை அடுத்த வருஷமே நீதிமன்றம் தூக்கி எறிந்தது.

மனிதரைக் கட்டுகிற வேலையை எங்களிடமா சொல்வது? செராமிக் கல்லூரியே வைத்திருக்கிற ஊர் நாங்கள். அச்சில் களிக்கரைசலை ஊற்றினால் ஒரே மூக்கு, ஒரே சிரிப்போடு வரிசையாக நூறு பொம்மை விழும். விரிசல் விட்டது சூளை வாசலோடு சரி. பொம்மைக்கு அது நியாயம். பிள்ளைக்கும் அதே நியாயம்தான் என்று தெரபி அறையில் ஸ்டாப்வாட்ச் வைத்துச் சொல்கிறார்கள்: கண்ணைப் பார், மிட்டாய், கையை உதறாதே, மிட்டாய், எல்லாரையும்போல் சிரி, இரண்டு மிட்டாய். இதில் இன்னொரு கூத்து. விரலுக்கு உணர்வுப் பயிற்சி வேண்டும் என்று டப்பாவில் அடைத்த கலர் மாவை ஆன்லைனில் வரவழைத்துப் பிசையச் சொல்வார்கள். களிமண்ணில் சோறு தின்கிற ஊரில்!

பூர்வகுடிகளுக்கு நடத்தைச் சிகிச்சை இப்போதுதான் வருகிறது என்று யாராவது மேடையில் சொன்னால், தயவுசெய்து அவர் நாக்கில் சனியை உட்கார வையுங்கள். இந்த மாவட்டத்தில் அது நூறு வருஷத்துக் கதை. 1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இந்தப் பக்கத்து வேப்பூர்ப் பறையரையும் குறவரையும் பிறவியிலேயே நடத்தை கெட்டவர்கள் என்று பதிவேட்டில் ஏற்றினார்கள். தென்னார்க்காட்டு அஜீஸ் நகரில் செட்டில்மென்ட் போட்டு, ஆஜர் எடுத்து, வேலை வாங்கி, திருத்தினார்கள். சட்டம் செத்தது, பதிவேடு சாகவில்லை. 1993இல் முதனை கிராமத்துக் குறவர் ராஜாக்கண்ணுவைக் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய் அடித்தே கொன்றார்கள். அந்தக் கதையை எடுத்த ‘ஜெய் பீம்’ படத்தைப் பார்த்து ஊரே அழுதது. படம் முடிந்து எழுந்து போயிற்று. அந்த ஜனங்களிடம்தான் இப்போது வந்து, ஐயா உங்கள் பார்வையைக் கொஞ்சம் இரவல் கொடுங்கள் என்கிறார்கள்.

சரி, கொடுக்கிறவருக்கு என்ன கிடைக்கும்? பழங்குடியான ஒரு இருளர் பிள்ளைக்கு ஆட்டிசம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு சான்றிதழ் வேண்டும். இருளர்தான் என்று ஒன்று, ஆட்டிசம்தான் என்று ஒன்று. முதலாவதற்குக் கோட்டாட்சியர் அலுவலகம். பாட்டன் இருளர், அப்பன் இருளர் என்று சொல்லப் பிள்ளைக்குப் பேசத் தெரியாது, பேசத் தெரிந்த அப்பன் சொன்னால் எடுபடாது. இரண்டாவதற்கு 40 கேள்வி கொண்ட இந்திய அளவுகோல். 70 மதிப்பெண் எடுத்தால் ஆட்டிசம். (வாழ்க்கையில் அந்தப் பிள்ளையைப் பாஸ் பண்ணவிடுகிற ஒரே பரீட்சை.) கண்ணைப் பார்த்துப் பேசுகிறதா என்று அதிலும் ஒரு கேள்வி. மாமனார் முன்னால் தலை நிமிராத மருமகளுக்கு எத்தனை மதிப்பெண் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருந்த ஏழு ஊனங்களில் ஆட்டிசத்துக்கு இடமே இல்லை. 2016இல்தான் 21இல் ஒன்றாக உள்ளே விட்டார்கள். இருபத்தோரு வருஷம் அந்தப் பிள்ளைகள் எந்தக் கணக்கில் இருந்தார்கள் என்று சர்க்காரைக் கேட்டால், அதுவும் கண்ணைப் பார்த்துப் பேசாது.

நம்மூர்ச் சரக்கெல்லாம் அமிர்தம் என்று சொல்ல நான் வரவில்லை. வயிற்றில் சூடு போட்டதும் நம்மூர்தான். கிரகணத்தைப் பார்த்தாள், அதான் பிள்ளை இப்படி என்று பெற்றவளை நடுக்கூடத்தில் நிறுத்தியதும் நம்மூர்தான். ஏர்வாடியில் மனநோய் என்று சங்கிலி போட்டுக் கட்டியவர்களில் 28 பேர் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதித் தீயில் சிக்கிச் செத்தார்கள். இன்றைக்கும் ஆட்டிசத்தை வேரோடு பிடுங்கும் லேகியம் என்று யூடியூபில் கூவுகிறான் ஒருவன். பாரம்பரியம் என்று சொன்னவுடன் பர்ஸைத் திறக்கிறோம். அமெரிக்க மிட்டாய்க்காரனும் இந்த லேகியக்காரனும் பிள்ளையை மாற்றிக் காட்டுகிறேன் என்றுதான் காசு வாங்குகிறார்கள். பிள்ளையை யாரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் கோபத்தில் மரியாதை நழுவுகிறது, பொறுத்துக்கொள். கொளஞ்சியப்பா, உனக்கு முகமே கிடையாது. கொளஞ்சிப் புதரில் பசு பால் சொரிந்த இடத்தில் பலிபீடமாய் நிற்கிறாய். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாய். எத்தனை யுகமானாலும் இடம் மாற மாட்டாய். அந்த 40 கேள்வித் தாளை உனக்குப் போட்டால் எழுபதைத் தாண்டி எங்கேயோ போய்விடுவாய். ஆனாலும் உன் கண்ணுக்கு முன் எவனாவது மிட்டாய் ஆட்டியிருக்கிறானா? பேசாத உன்னோடு எப்படிப் பேசுவது என்று இந்தச் சனங்கள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காகிதத்தில் எழுதினார்கள், கட்டினார்கள், பதிலுக்குக் காத்திருந்தார்கள். அவசரப்பட்டு உன்னை யாரும் பிடித்து உலுக்கவில்லை. பூர்வீகப் பார்வை என்று ஒன்றைச் சிகிச்சையில் சேர்ப்பதென்றால் இதைச் சேர்க்கட்டும். படத்தட்டையோ எழுத்துப் பலகையோ டேப்லட்டோ, பிள்ளைக்கு வாய்க்கிற பாஷையை மற்றவர்கள் முதலில் கற்றுக்கொள்ளட்டும். உன் சந்நிதியில் இத்தனை பொறுமையாக நிற்கிற அதே ஆள், வீட்டுக்குப் போனதும் பேசாத பிள்ளையின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி “அப்பான்னு சொல்லு” என்கிறானே, அவனையும் பிரதிவாதியாகச் சேர்த்துக்கொள்.

கேட்கும் பரிகாரம் பெரிதல்ல. அந்தப் பூர்வகுடிப் பார்வைத் திட்டத்துக்குக் குழு போடும்போது, வயதுக்கு வந்த ஆட்டிசக்காரர் இருவரையும், இருளர் குடியிருப்பிலிருந்து ஒரு தாயையும், சக்கரம் சுற்றுகிற ஒரு குயவரையும் உட்கார வைக்க வேண்டும். உட்கார நாற்காலி, வந்து போக பஸ் சார்ஜ், பேராசிரியருக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் பாடத்திட்டம் நிற்க வேண்டும். சமரசம் பேச வருவார்கள், நான் வாபஸ் வாங்க மாட்டேன். சம்பளத்துக்குப் பதில் அந்தத் தாயின் தோளில் ஒரு பொன்னாடையைப் போர்த்திப் போட்டோ எடுத்து அனுப்பினார்களென்றால், அந்தப் பொன்னாடைக்குத் தனியாக இன்னொரு பிராது வரும்.