ஓடவிட்டாத்தான் ஆடுறது தெரியும்

வாப்பா தம்பி, இப்படி பெஞ்சுல உட்காரு. அந்த ஓரம் வேணாம், ஆணி துருத்திக்கிட்டு நிக்குது. மூணு வருஷமா நிக்குது. டீக்கடைக்காரனும் அடிக்கல, நானும் அடிக்கல. எனக்கு ஏற்கெனவே ரெண்டு வேட்டி கிழிஞ்சாச்சு.

என்ன தேடி வந்தேன்னு சொன்னே? வாழ்க்கையோட நோக்கமா? அடேங்கப்பா. சென்னையிலேர்ந்து அதைத் தேடிக்கிட்டு பாண்டிச்சேரி தட்டாஞ்சாவடிக்கா வந்தே? இங்க தொழிற்பேட்டை இருக்கு. மல்லாட்டை மூட்டை வந்து இறங்குற விற்பனைக்கூடம் இருக்கு. வழுதாவூர் ரோட்டுல புழுதி இருக்கு. நோக்கத்தை எந்தக் குடோன்லயும் அடுக்கி வச்ச மாதிரி தெரியலையே. கடற்கரைப் பக்கம் ரூம் வாடகை கட்டுப்படியாகாம இங்க வந்து தங்கியிருக்கே, அதானே? சொல்லேன், இதுல வெட்கம் என்ன.

மூணு நாளா உன்னைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். காலையில பாயைச் சுருட்டி அக்குள்ல இடுக்கிக்கிட்டுப் போறே, சாயங்காலம் அதே பாயோட திரும்பி வர்றே. எங்க அப்பாரு காலத்துல பாயோட ஒருத்தன் போனா, கோரைப்பாய் விக்கிறவன்னு நினைச்சு விலை கேப்பாங்க. நான்கூட நேத்து கேக்கலாம்னுதான் இருந்தேன்.

'ஜாப்பை விட்டுட்டு வந்துட்டேன் தாத்தா'ன்னு நீ சொன்னதும் எனக்குத் திக்குனு ஆயிடுச்சு. 38 வருஷம் இந்தத் தொழிற்பேட்டையில லேத்து ஓட்டினவன் நான். எங்களுக்கு ஜாப்புன்னா சக்குல மாட்டுற இரும்பு. பாவி, மாட்டுன இரும்பை ஓடவிட்டுட்டு வந்துட்டானோன்னு நினைச்சுட்டேன்.

உன்னைக் கேலி பண்றேன்னு நினைக்காதே. எனக்கும் அந்தச் சீக்கு வந்துது. ஒருநாள் ஷாஃப்ட்டு கடைஞ்சுகிட்டே, நாம எதுக்குப் பொறந்தோம்னு யோசனையில எறங்கிட்டேன். யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள டூல் அரை மில்லி கூடுதலா தின்னுடுச்சு. ஷாஃப்ட்டு பழைய இரும்புக்குப் போச்சு, ஒரு வாரக் கூலியைப் புடிச்சுக்கிட்டாங்க. எதுக்குப் பொறந்தேன்னு அன்னைக்கு ராத்திரி வீட்டுல எங்க கிழவி தெளிவா சொன்னா. அதை உங்கிட்ட சொல்ல முடியாது.

அரவிந்தர் ஆசிரமத்துக்குப் போனியாமே. சமாதிகிட்ட கண்ணை மூடி உட்கார்ந்தியாமே. நல்லது. ஆனா அந்த மனுஷன் இங்க வந்து என்ன பண்ணார்னு கேட்டியா? 1910 ஏப்ரல் 4ஆம் தேதி கப்பல்ல வந்து எறங்கினார் அரவிந்தர். 1914லேர்ந்து ஆறு வருஷத்துக்கு மேல 'ஆர்யா' பத்திரிகைக்கு மாசம் தவறாம எழுதினார். 1926 நவம்பர்ல ஆசிரமம் அமைஞ்சப்போ தனியா ஒதுங்கிட்டார். ஒதுங்கினார்னா காலை நீட்டிப் படுத்தார்னு அர்த்தமில்ல. முப்பதுகள்ல சீடருங்க எழுதுற கடுதாசிக்கெல்லாம் ராத்திரியில மணிக்கணக்கா உட்கார்ந்து பதில் எழுதியிருக்கார். வயித்துவலியிலேர்ந்து மோட்சம் வரைக்கும் கேட்டிருக்கானுங்க. சரி, தியானத்துக்குன்னே வந்தவங்களுக்கு ஆசிரமத்தை நடத்தின அன்னை என்ன குடுத்தாங்க? வேலை. பாத்திரம் கழுவு, துணி துவை, தோட்டத்துக்குத் தண்ணி ஊத்து, அச்சுக் கோரு. சம்பளம் கேக்காதே. உன் கம்பெனிக்காரன் இதைச் செஞ்சா கோர்ட்டுக்குப் போவே.

கோல்கொண்டான்னு ஒரு கட்டடம் அங்க இருக்கே, பார்த்தியா? உள்ள விட மாட்டாங்க, வெளியிலேர்ந்தாவது பாரு. சாதகருங்க தங்குறதுக்காக 1930கள்ல ஆரம்பிச்ச கான்கிரீட் கட்டடம். கண்ணாடி சன்னலே கிடையாது, சுவரு நெடுக்கத் திருப்பி வைக்கிற பலகைங்கதான், காத்து அது பாட்டுக்கு வரும். படம் போட்டவர் டோக்கியோவுல இருந்த அந்தோனின் ரெய்மண்ட். கரணையே புடிச்சுப் பழகாத சாதகருங்கெல்லாம் சேர்ந்து கான்கிரீட் போட்டாங்க. கீலு, தாழ்ப்பாளுக்குப் பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்தாங்க. எவன் வீட்டுக் குண்டானோ இன்னைக்குத் தாழ்ப்பாளா இருக்கு. யோசிச்சுப் பார்த்தா அந்தக் குண்டானுக்கு நோக்கம் கிடைச்சுடுச்சு, உனக்கு இன்னும் கிடைக்கல.

ரெய்மண்ட் கொஞ்ச மாசம் இருந்துட்டு, இங்க வேலை நடக்குற நிதானத்தைப் பார்த்துட்டுக் கிளம்பிட்டார். வேலையைப் பார்த்துக்க ஜார்ஜ் நகஷிமான்னு ஒருத்தர் இருந்தார். ஜப்பான் வம்சம், 1905ல அமெரிக்காவுல பொறந்தவர், எம்.ஐ.டி.யில படிச்ச கட்டடக்கலைக்காரர். உன்னைவிடப் பெரிய படிப்பு, கோவிச்சுக்காதே. சம்பளம் வேணாம்னுட்டு அவரும் சாதகரா ஆயிட்டார். சுந்தரானந்தான்னு பேரும் வாங்கிட்டார். நீயா இருந்தா அன்னைக்கே அந்தப் பேரைப் போட்டு விசிட்டிங் கார்டு அடிச்சிருப்பே.

அவரு 1939ல ஊரை விட்டுப் போயிட்டார் தம்பி. அமெரிக்கா போய்ச் சேர்ந்தார், சண்டை வந்துது. 1942ல ஜப்பான்காரன்னு சொல்லி பொண்டாட்டி, கைக்குழந்தையோட ஐடஹோவுல ஒரு முகாம்ல அடைச்சுட்டாங்க. அங்க ஒரு ஜப்பான் தச்சர்கிட்ட உளி புடிக்கிற நேக்கு, சட்டம் சேர்க்கிற நேக்கு எல்லாம் கத்துக்கிட்டார். மறுவருஷம் அவரை வெளியே எடுத்துத் தன் பண்ணையில இடம் குடுத்தது யாருங்கிறே? அதே ரெய்மண்ட். அதுக்கப்புறம் 1990ல சாகுற வரைக்கும் மேசை, நாற்காலிதான். பலகையில வெடிப்பு இருந்தா மத்தவன் பூசி மறைப்பான். இவரு பட்டாம்பூச்சி மாதிரி கட்டை வெட்டி அந்த வெடிப்பு மேலயே பதிச்சு இறுக்குவார். கடைசி வரைக்கும் அதைத்தான் கர்மயோகம்னு சொல்லிக்கிட்டிருந்தார். அவர் நினைச்சபடி, அவர் போன பிறகு செஞ்ச சமாதான மேசை ஒண்ணு ஆரோவில்ல இருக்கு. அதுக்கும் பாயைத் தூக்கிக்கிட்டுப் போகாதே, பார்த்துட்டு மட்டும் வா.

அவருக்கு நோக்கம் கிடைச்சது கான்கிரீட் போடுறப்பவா, முகாம்ல உளி புடிக்கிறப்பவான்னு என்னைக் கேக்காதே. எனக்குத் தெரிஞ்சது லேத்து. ஜாப்பைச் சக்குல மாட்டினா கண்ணுக்கு நேராத்தான் இருக்கும். ஓடவிட்டு டயல் வச்சுப் பார்த்தாத்தான் எந்தப் பக்கம் ஆடுதுன்னு தெரியும். தெரிஞ்சதும் நிறுத்தி, லேசா ஒரு தட்டு. மறுபடி ஓடவிடு, மறுபடி தட்டு. நிறுத்தி வச்ச லேத்துல எந்த ஜாப்பும் ஆடாது தம்பி. நீ மூணு நாளா ஆடாம இருக்கேன்னு சந்தோஷப்படுறே. ஊர்ப் பேரையாவது பாரு. தட்டுறவன் முன்னால, தங்குற சாவடி பின்னால.

சரி, டீக்காசை நீ குடுத்துடு. 38 வருஷ அனுபவம், அதுக்குத் தனியா கேக்கல. போறப்ப, அதோ மரத்தடியில கல்லு கிடக்குது பாரு, எடுத்து இந்த ஆணியை நாலு தட்டுத் தட்டிட்டுப் போ. விரல் பத்திரம்.