யுத்தோபாத்தியாயர்

க்ஷேத்திராடனம் வருகிறவர்களை எதிர்கொண்டு, ஸ்தல புராணம் சொல்லி, இன்ன குளத்தில் இன்ன முனிவருடைய சாபம் நீங்கிற்று என்று குளத்தையும் காட்டி, இறுதியில் மடியில் எட்டணாவை முடிந்துகொண்டு மறைகிற பழைய வழிகாட்டிகள் அருகிவருகிற இக்காலத்தில், அவர்களுடைய பீடத்தில் யாருடைய சிபாரிசும் இல்லாமல் வந்து அமர்ந்துவிட்ட ஒரு புதிய வர்க்கத்தாரைப் பற்றி எழுதிவைப்பது அவசியமாகிறது. தெய்வம் தோன்றிய இடத்தை இவர்கள் காட்டுவதில்லை. மனிதன் மாண்ட இடத்தையே காட்டுகிறார்கள். லண்டனில் ஜெர்மன் விமானங்கள் நெருப்பு மழை பொழிந்த தெருக்களிலும், பெர்லினில் ஹிட்லர் தற்கொலை செய்துகொண்ட நிலவறைக்கு மேலே இப்போது மோட்டார் வண்டிகள் நிற்கிற திடலிலும், இப்படிப்பட்ட ஒருவர் குடையை உயர்த்திப் பிடித்தபடி முன்னே போவதையும், ஒரு கூட்டம் முகத்தில் பயபக்தியோடு பின்னே போவதையும் எந்த நாளும் பார்க்கலாம். இந்தக் கலை கடல் கடந்து, சென்னைக்கு வந்து, அங்கிருந்து விருத்தாசலம் பஸ் பிடித்து, எங்கள் கம்மாபுரத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

எங்கள் ஊர்க்காரரை யுத்தோபாத்தியாயர் என்று குறிப்பிடுகிறேன். சர்வே இலாகாவில் சங்கிலியும் கொடியுமாக ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவர். காக்கித் தொப்பி, கான்வாஸ் ஜோடு, கழுத்தில் விசில், கையில் குடை. மழைக்கும் வெயிலுக்கும் விரியாத அந்தக் குடை, சேனைகள் வந்த திசையைச் சுட்டுவதற்கென்றே ஏற்பட்டது. கூட்டத்தை நோக்கி முகத்தை வைத்துக்கொண்டு பின்புறமாகவே நடக்கும் வித்தையைச் சென்னையில் யாரையோ பார்த்துக் கற்றுக்கொண்டார்; அதை எங்கள் ஊர்ச் சாலையில் பிரயோகிக்கத் தொடங்கிய நாள் முதல் ஆடுகளும் சைக்கிள்காரர்களும் தாமாகவே ஒதுங்கி வழிவிடப் பழகிவிட்டார்கள். நடந்து முடிந்த எதையும் அவர் இறந்தகாலத்தில் சொல்லுவதில்லை. "இதோ, லாலி வருகிறார்!" என்று அந்தப் பிரெஞ்சுத் தளபதி வருகிற திசையில் குடையை நீட்டுவார், புதிதாக வந்தவர்கள் திரும்பிப் பார்த்தே விடுவார்கள், அங்கே நெய்வேலி பஸ் வந்துகொண்டிருக்கும்.

அவருடைய சுபாவத்தில் பிரதானமானது ஒரு மனக்குறை. நம்முடைய பிரதேசத்து யுத்தங்களில் போதுமான அளவு நாசம் ஏற்படவில்லை என்பதே அது. வெளிப்படையாகச் சொல்லமாட்டார். ஆனால் 1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைக் கடலில் வந்து நின்று, சுமார் நூற்றிருபத்தைந்து குண்டுகளைப் பொழிந்து, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு, எதிர்க் குண்டு சரியாகக் குறி பார்ப்பதற்குள் இருளில் மறைந்த கதையை அவர் சொல்லும்போது கவனித்தால் தெரியும். கப்பல் வருகிற வரையில் குரலில் கம்பீரம். எண்ணெய் எரிகிற இடத்தில் ஆவேசம். மாண்டவர் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் மட்டும் சுருதி இறங்கிவிடும். விரல்விட்டு எண்ணக்கூடிய அந்தத் தொகையைச் சொல்ல அவருக்கு உண்மையிலேயே கூச்சமாக இருக்கும், விருந்துக்கு அழைத்துவிட்டு இலையில் ஒரு கரண்டி சோறு மட்டும் வைத்த வீட்டுக்காரரைப் போல. ஆகையால் சேதத்தில் குறைந்ததை மகிமையில் ஈடு செய்வார்: கூட்டத்தைச் சென்னைக்கு அழைத்துப்போகும்போது, உயர் நீதிமன்றத்துக் கீழ்ப்புறச் சுவரில் உள்ள நினைவுக் கல்லைத் தடவிக்கொண்டே, அன்றிரவு கப்பலின் மேல்தளத்தில் நின்று குறி காட்டியவர் நம்முடைய விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளையேதான் என்பார். அதற்கு ஆதாரமில்லையென்று ஆராய்ச்சியாளர்கள் தள்ளிவிட்டார்களே என்றேன். "அவர் கப்பலில் இல்லை என்பதற்கு ஒருவராவது கண்ணால் கண்ட சாட்சி உண்டா, சார்?" என்று கேட்டார். சர்வே இலாகாவில் எல்லைத் தகராறுகளைத் தீர்த்துப் பழகியவரோடு வாதாடுவது வீண்.

இரண்டாம் உலக மகாயுத்தத்தில் அவருக்கு இன்னும் பெரிய ஏமாற்றம். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பிலும் திரிகோணமலையிலும் குண்டு வீசினார்கள், ஏப்ரல் 6-ந் தேதி விசாகப்பட்டினத்தில் வீசினார்கள், சென்னைக்கு வந்தார்களா? வரவில்லை. வருவார்கள் என்ற கிலியிலேயே பட்டணம் பாதி காலியாயிற்று. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குக் குடிபோயிற்று. மூட்டையும் முடிச்சும் பித்தளைப் பாத்திரமுமாக ஜனங்கள் ரயிலில் தொற்றிக்கொண்டு சொந்தக் கிராமங்களைத் தேடி ஓடினார்கள். பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக் காட்சிசாலையில் குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்தால் சிங்கங்களும் புலிகளும் வால்டாக்ஸ் ரோடில் உலாவத் தொடங்கிவிடுமே என்று அஞ்சி, மலபார் விசேஷப் போலீஸாரைக் கொண்டு அவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். கடைசியில், 1943 அக்டோபரில் ஒரே ஓர் ஆகாய விமானம் இரவில் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போயிற்று. அதற்குள் சிங்கம் செத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

எதிரி வராமலே நடந்த இந்தச் சங்காரத்தைச் சொல்லுகிறபோது, நியாயமாகப் பார்த்தால், சிரிப்பதா அழுவதா என்று கேட்பவர்களுக்குத் தெரியக்கூடாது. யுத்தோபாத்தியாயர் அந்தச் சங்கடத்தை அவர்களுக்கு வைப்பதில்லை. சென்டிரல் ஸ்டேஷனுக்கு அருகில் நின்று சிங்கத்தைப் போலவே ஒரு முறை கர்ஜித்துக் காட்டிவிடுவார். குழந்தைகள் இன்னொரு தடவை கேட்பார்கள். போர்ட்டர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

பின்தொடர்ந்து வருகிற கூட்டத்தாரையும் சொல்லாமல் விட்டால் சித்திரம் பூர்த்தியாகாது. மரணம் நிகழ்ந்த ஸ்தலத்துக்கு முதுகைக் காட்டி நின்று, எல்லாப் பற்களும் தெரியப் புன்னகை செய்து, கைபேசியில் தன்னைத்தானே படம் பிடித்துக்கொள்ளுகிறவர் ஒருவர். ஒவ்வொரு கதையின் முடிவிலும் "இங்கே ராத்திரியில் ஏதாவது நடமாட்டம் உண்டா?" என்று தணிந்த குரலில் விசாரிக்கிற அம்மாள் ஒருவர். டாக்டர் சொன்ன ஆயிரக்கணக்கான அடிகளைப் பூர்த்தி செய்வதற்காகவே வந்தவர், கிளைவைப் பற்றியும் கவலைப்படாமல் டூப்ளேயைப் பற்றியும் கவலைப்படாமல், மணிக்கட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு, கதை நடக்கும்போது நின்ற இடத்திலேயே கால்களை எடுத்து எடுத்து வைப்பார். இவர்களெல்லாம் நல்லவர்கள், வீட்டில் ஒரு எறும்பை மிதிக்க அஞ்சுகிறவர்கள். ஆனால் காலை ஆகாரத்துக்குமுன் நூறு பேராவது மடியாவிட்டால் நடந்ததற்குப் பிரயோஜனம் இல்லை என்று நினைக்கிறார்கள்.

கடலூருக்கு அழைத்துச் செல்லும் நாட்களில் அவர் சந்தோஷமாகவே இருப்பார். அங்கே சரக்கு உண்டு. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-இல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரையில் உள்ள பூமியும் கம்பெனிக்குச் சேர்ந்தது என்று ஒப்பந்தமாயிற்று. எலிஹூ யேல் என்கிற சென்னைக் கவர்னர், வெகுதூரம் சுடக்கூடிய பீரங்கியாகப் பார்த்து அனுப்பிவைத்தார். அப்படி அகப்பட்ட கிராமங்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வழங்கியது. குண்டு உப்பலவாடி இன்றைக்கும் இருக்கிறது. "சங்கிலி போடாமல், கல் நடாமல், பட்டா மாற்றாமல் நடந்த ஒரே சர்வே, ஐயா, இதுதான்!" என்று யுத்தோபாத்தியாயர் சொல்லும்போது அவர் கண்ணில் தெரிவது பொறாமையா பக்தியா என்று நிச்சயிக்க முடியவில்லை. 1758-இல் அதே கோட்டையை லாலி பிடித்துத் தரைமட்டமாக்கியதையும், அந்த லாலியின் தலையையே பிறகு பாரிஸில் வாங்கிவிட்டதையும் ஒரே மூச்சில் சொல்லித் தராசை நேராக்குவார்.

1783-ஐ மட்டும் அவர் அவசரமாகக் கடந்துவிடுகிறார். எனக்கோ அதுதான் எல்லாவற்றிலும் பயங்கரமானதாகப் படுகிறது. அந்த வருஷம் ஜூன் 13-ந் தேதி ஆங்கிலேய ஜெனரல் ஸ்டூவர்ட்டின் படை, கடலூரில் புஸ்ஸியின் பிரெஞ்சுச் சேனையைத் தாக்கியது. தாக்கியவர்கள் பக்கத்தில் மட்டும் சுமார் ஆயிரம் பேர் மாண்டும் காயமுற்றும் போனார்கள். ஒரு வாரத்துக்குள் கடலில் பிரெஞ்சுத் தளபதி ஸுப்ரேனுடைய கப்பல்களும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸுடைய கப்பல்களும் மோதின. மாத முடிவில் கப்பல் ஒன்று செய்தி கொண்டுவந்தது: ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானக் கையெழுத்து ஆகிவிட்டது. அதாவது, தபால் தாமதத்தினால் அத்தனை பேர் செத்தார்கள். இதை ஏன் விஸ்தாரமாகச் சொல்லுவதில்லை என்று கேட்டதற்கு, "ஜனங்கள் ரசிக்கவில்லை, சார். ஜயித்தது யார் என்று கேட்கிறார்கள், என்ன சொல்ல?" என்றார். அதற்குப் பதிலாக, அந்த முற்றுகையில் அகப்பட்ட பிரெஞ்சு சார்ஜெண்ட் ஒருவர் பிற்பாடு ஸ்வீடன் தேசத்து ராஜாவான பெர்னதோத்தேயாம் என்ற பழைய கதையைச் சொல்லுகிறார். சரித்திரக்காரர்கள் அதையும் நம்புவதில்லை. ஸ்வீடன் ராஜா கடலூர்ச் சிறையில் என்ன சாப்பிட்டார் என்பதுவரையில் அவருக்குத் தெரியும்.

இத்தனை வைபவங்கள் அயலூர்களில் நடந்திருக்க, சொந்த ஊரில் ஒன்றுமே நடக்கவில்லை என்பதை அவர் நெடுநாள் பொறுத்துக்கொண்டிருந்தார். அஞ்சுதெங்கில் பிறந்து, கம்பெனி உத்தியோகம் பார்த்து, கர்நாடக யுத்தங்களின் சரித்திரத்தை எழுதிய ராபர்ட் ஆர்ம் என்ற துரையின் புத்தகம் கைக்குக் கிடைத்தபோது அந்தக் குறை தீர்ந்தது. 1751 ஜூலையில், திருச்சிராப்பள்ளிக்குப் போகிற ஒரு படைப்பிரிவை விருத்தாசலம் வரையில் கொண்டுவிடுவதற்காகப் பிகட் என்பவரும், அப்போது படைக்குச் சாமான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த கிளைவும் வந்தார்கள். திரும்பிப் போகும் வழியில், கூட இருந்தவர்கள் பன்னிரண்டு சிப்பாய்களும் சில வேலைக்காரர்களுந்தான். பாளையக்காரர் ஆட்கள் துப்பாக்கிகளோடு சூழ்ந்துகொண்டார்கள். சிப்பாய்களில் ஏழு பேர் செத்தார்கள். துரைமார் இருவரும் குதிரைகளின் வேகத்தால் பிழைத்தார்கள். பிகட் பின்னர்ச் சென்னைக்கு இரண்டு முறை கவர்னரானார். கிளைவ் என்ன ஆனார் என்பது உலகறிந்தது. அந்தக் குதிரை அன்று கொஞ்சம் நொண்டியிருந்தால் பிளாசி யுத்தம் யார் தலைமையில் நடந்திருக்கும் என்று நினைத்தால் தலை சுற்றத்தான் செய்கிறது.

இது எங்கே நடந்தது என்று ஆர்ம் துரை குறிப்பாகச் சொல்லவில்லை. யுத்தோபாத்தியாயர் சொல்லுகிறார்: கம்மாபுரத்தில், சர்வே எண்ணும் உட்பிரிவும் சகிதமாக, ஒரு புளியமரத்துக்கு வடகிழக்கே. தேவனாம்பட்டினத்துக்கு நேர்வழி வடலூர்ப் பக்கமாயிற்றே, நம்முடைய ஊர் சேத்தியாத்தோப்புச் சாலையில் அல்லவா இருக்கிறது என்று ஆட்சேபித்தால், "உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் ரோடு பார்த்தா ஓடுவான்?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார். கிளைவ் தேநீர் அருந்திய கோப்பையின் துண்டு என்று ஒரு பீங்கான் சில்லையும் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுகிறார். விருத்தாசலத்துச் செராமிக் சூளைகளில் பாதி ஊருக்கு வேலை கிடைக்கிற எங்களிடம் அதைக் காட்டியிருக்க வேண்டாம். கூட்டத்தில் இருந்த ஒரு சூளைத் தொழிலாளி அதைத் திருப்பிப் பார்த்து, மெருகை நகத்தால் சுரண்டி, மரியாதையோடு திருப்பிக் கொடுத்துவிட்டு, "நம்ம மண்ணுங்க" என்று மட்டும் சொன்னார். அதையும் தமக்குச் சாதகமான சாட்சியமாகவே யுத்தோபாத்தியாயர் எடுத்துக்கொண்டார்.

இப்படியாக நடை செவ்வையாக நடந்துகொண்டிருந்தபோது, பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் ஒரு கேள்வி கேட்டான்.

"ஐயா, கிளைவ் தப்பிச்சிட்டாரு. அந்த ஏழு பேர் எங்க விழுந்தாங்க? அவங்க பேர் என்னங்க?"

குடை முதன் முறையாகத் தாழ்ந்தது. கிளைவின் குதிரையினுடைய நிறம் வரையில் அறிந்தவருக்கு அந்த ஏழு பெயரில் ஒன்றுகூடத் தெரியவில்லை, ஆர்முக்கும் தெரியவில்லை. இரண்டாம் யுத்தத்தில் ஜப்பானியருக்காகச் சயாம் ரயில் பாதை போட்டு மாண்ட வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லும் பெயரும் இருக்க, அதே பாதையில் மாண்ட மலேயாத் தோட்டத்துத் தமிழர்களில், எங்கள் தென்னாற்காட்டுப் பக்கத்திலிருந்து கப்பலேறிய குடும்பத்தாரும் உண்டே, அவர்களில் இன்னார் இன்ன இடத்தில் விழுந்தார் என்று குடை நீட்டிக் காட்ட யாராலும் முடியாது என்பது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. யுத்தோபாத்தியாயருக்கோ ஞாபகம் வந்தது தம்முடைய உத்தியோகம். "சர்வே பண்ணிச் சொல்லுகிறேன், தம்பி" என்றார்.

சர்வே செய்தார். மறு மாத நடையில் ஏழு சிப்பாய்களும் விழுந்த இடங்களில் ஏழு சுண்ணாம்பு வட்டங்கள் இருந்தன. நான்கு கீழத்தெருவிலும், மூன்று மேலத்தெருவிலும். கீழத்தெருவார் மாண்டவர்கள் தங்கள் முன்னோர்களே என்று உடனே கண்டுகொண்டு, நடந்து வருகிறவர்களுக்குத் தேநீரும் வறுத்த முந்திரிப் பருப்பும் கொடுத்து உபசரித்தார்கள். மேலத்தெருவில் கதவுகள் சாத்தியிருந்தன. அவர்கள் வீட்டில் வீரத்துக்கு என்ன குறைச்சல், அவர்களுக்கு மட்டும் ஒரு சாவு ஏன் குறைந்தது என்று பஞ்சாயத்து வரையில் பேச்சுப் போயிற்று. பாகம் பிரித்ததில் பட்சபாதம் என்றார்கள். கீழத்தெருவில் அவருக்கு மைத்துனர் வீடு இருப்பதையும் எடுத்துக் காட்டினார்கள்.

ஒரு நாள் மாலை யுத்தோபாத்தியாயர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, வெகு நேரம் வேறு விஷயங்களைப் பேசியிருந்துவிட்டு, ஆர்ம் துரை எந்த வருஷத்தில் காலமானார் என்று விசாரித்தார். 1801 என்றேன். விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தவர், திருப்தியோடு எழுந்து போனார்.

மேலத்தெருவிலும் இப்போது தேநீர் கொடுக்கிறார்கள்.