காற்றைத் தின்னும் ஊர்

மலாயில் உல்லாசப் பயணம் போவதை ‘மாக்கான் ஆங்கின்’ என்பார்கள், காற்றைத் தின்பது. ஜொகூரின் தெப்ராவ் தமிழர்களும் வாரக்கடைசியில் குடும்பத்தோடு அதைத் தின்னத்தான் கிளம்புகிறார்கள். நெடுஞ்சாலையில் கிடைப்பதோ புகை. சிங்கப்பூருக்குப் போக ஜொகூர் நீரிணைக்குக் குறுக்கே 1924-இல் திறந்த தரைப்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். நெரிசல் நாளில் அதைக் கடப்பதற்குள் ஒரு தமிழ்ப்படம் இடைவேளையோடு முடிந்துவிடும்.

‘மாமாக்’ எனப்படும் இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ‘பஞ்சிர்’ என்றால் சோறு குழம்பில் மூழ்கி வரும். பஞ்சிர் என்பது வெள்ளம். 2006 டிசம்பரில் ஜொகூரை முக்கியெடுத்ததும் பஞ்சிர்தான். அது யாரும் ஆர்டர் கொடுக்காமலே வந்தது.

உழைக்காமல் சொகுசாக இருப்பது ‘கோயாங் காக்கி’, காலாட்டுவது. பேரன் காலாட்டினால் வீட்டுக்கு ஆகாதென்று தொடையில் தட்டும் அதே பாட்டி, நாலு வீடு வாடகைக்கு விட்டவரைப் பார்த்து, “அவருக்கென்னய்யா, கோயாங் காக்கி!” என்று பெருமூச்சு விடுவார்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று: பால் விடாத தேநீர் ‘தே ஓ’. கூடவே ‘கோசோங்’ என்று சொல்ல மறந்தால், கோப்பையில் விழும் சீனிக்கு நீங்களே பொறுப்பு.