மந்திரவாதிக்குத் துப்பாக்கி சுடத் தெரியுமா?

பகடை உருட்டி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் கூட்டத்தில் ஒரு பஞ்சாயத்து அடிக்கடி நடக்கும். மந்திரவாதியாக ஆடுபவர், செத்த எதிரியின் துப்பாக்கியை எடுத்துச் சுடப்போவதாகச் சொல்வார். ஆட்டத்தை நடத்துபவர் உதட்டைப் பிதுக்குவார்: "உங்க ஆளுக்கு அந்தப் பயிற்சி கிடையாதுங்க. பகடையில விழுந்ததுக்கு மேல பயிற்சிக்கான எண்ணைக் கூட்ட முடியாது."

வில்லுக்கு இப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். துப்பாக்கிக்குச் சொல்வது அநியாயம். ஒன்றும் தெரியாதவன் கையிலும் கொடுக்கலாம் என்பதால்தானே அந்தச் சனியன் உலகமெங்கும் பரவியது! இந்த வழக்குக்குப் பெங்களூரிலேயே சாட்சி இருக்கிறது. சிட்டி மார்க்கெட் நெரிசலில் பிதுங்கி வெளியே வந்தால் பழைய கோட்டையின் டெல்லி வாசல் நிற்கும். 1791 மார்ச்சில் மைசூரின் திப்பு சுல்தானோடு போரிட அங்கே வந்து சேர்ந்தவர் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் பிரபு. பத்து வருடம் முன்பு யார்க்டவுனில் அமெரிக்காவைக் கோட்டை விட்டவர். ஏதாவது ஒரு கோட்டையைப் பிடித்தே தீரவேண்டிய நெருக்கடி அவருக்கு.

அவருடைய படையில் மதராஸ் சிப்பாய்கள் நிறைய. தமிழ், தெலுங்கு நாட்டுக் கிராமங்களிலிருந்து சம்பளத்துக்கு வந்தவர்கள். அர்ஜுனன் மாதிரி கிளியின் கண்ணைப் பார்த்துப் பழகியவர்கள் இல்லை. கற்றது இவ்வளவுதான்: தோட்டாவின் காகிதத்தைப் பல்லால் கடி, மருந்தைக் கொட்டு, குண்டைப் போடு, கம்பியால் இடி, சுடு. குறி? அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. நூறு கஜம் தாண்டினால் அந்தக் காலத்துத் துப்பாக்கிக்கே தன் குண்டு எங்கே போகிறது என்று தெரியாது. அதனால்தான் ஆட்களை வரிசையாக நிறுத்தி ஒன்றாகச் சுடச் சொன்னார்கள். யாருடைய குண்டாவது யார் மேலாவது படாதா என்ற நம்பிக்கை. வில்லாளியை உருவாக்கச் சிறுவயதிலேயே பிடித்துப் பழக்க வேண்டும். துப்பாக்கிச் சிப்பாய்க்குச் சில மாதமும் கத்துவதற்கு ஒரு ஹவில்தாரும் போதும்.

நிபுணர் கதை என்ன ஆயிற்று? மார்ச் 7 அன்று கோட்டைக்கு வெளியே இருந்த பேட்டையின் வாசலைத் தாக்கியபோது ஆங்கிலேயப் படையின் கர்னல் மூர்ஹவுஸ் செத்துப்போனார். பீரங்கிக் கலையில் கரை கண்டவர். பகடையில் கூட்டிக்கொள்ள அவருக்கு எண் நிறையவே இருந்திருக்கும். எதிர்ப்பக்கத்துக் குண்டு கணக்குக் கேட்டுவிட்டா வரும்? ராபர்ட் ஹோம் என்ற ஓவியர் பிறகு அந்தச் சாவை நாடக மேடைபோல வரைந்து கொடுத்தார். மார்ச் 21 இரவு சுவரில் விழுந்த ஓட்டை வழியே ஆங்கிலேயர் புகுந்தார்கள். கோட்டைக்குப் பொறுப்பாளரான கில்லேதார் பகதூர் கான் கடைசிவரை நின்று போரிட்டு மாண்டார். ஓட்டை விழுந்த இடத்தில் கல்வெட்டு வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள்.

பெருமை அதிக நாள் தாங்கவில்லை. மே மாதம் திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை போன கார்ன்வாலிஸ், தன் முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பினார். இழுக்க மாடு இல்லை. பட்டினியிலும் நோயிலும் செத்துவிட்டன. பீரங்கி சுடத் தெரிந்தவர்கள் இருந்தும் என்ன பயன், பாவம்.

திப்புவின் ராக்கெட் வேறு ஜாதி. இரும்புக் குழாயில் மருந்தை அடைத்து மூங்கிலில் கட்டி விடுவது. எந்தக் கோணத்தில் சாய்த்தால் எங்கே போய் விழும் என்று தெரிந்தவன்தான் விட முடியும். ஆட்டத்தை நடத்துபவர் தன் விதியை இங்கே வைத்திருந்தால் கைகட்டி ஒப்புக்கொண்டிருப்பேன். ஆனால் வாங்கிக்கொள்கிறவனுக்கு அது நிபுணத்துவமா குருட்டு அதிர்ஷ்டமா என்று எப்படித் தெரியும்? 1799 ஏப்ரல் 5 இரவு, ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்தில் சுல்தான்பேட்டைத் தோப்புக்குள் ஆர்தர் வெல்லெஸ்லி படையோடு நுழைந்தார். கும்மிருட்டு. துப்பாக்கியும் ராக்கெட்டும் எந்தத் திசையிலிருந்து வருகின்றன என்றே புரியவில்லை. முழங்காலில் ஓர் அடி வாங்கிக்கொண்டு, வழி தவறி, தட்டுத்தடுமாறித் திரும்பினார். பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு இவரேதான்.

பயிற்சியையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் பிறப்பை வைத்தே துப்பாக்கி உரிமை கொடுத்த ஆளும் உண்டு. பெங்களூரில் பூங்காவுக்குப் பெயராகிப்போன ஆங்கிலேயக் கமிஷனர் மார்க் கப்பன்தான். 1857 கலகத்துக்குப் பிறகு நாடெங்கும் ஆயுதங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள், குடகு மக்களிடம் கை வைக்கவில்லை. ஆயுதங்களைப் பிடுங்கும் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்று 1861 பிப்ரவரியில் கப்பன் ஆணை போட்டார். விசுவாசத்துக்குச் சன்மானம். எல்ஃப் இனத்தில் பிறந்தவனுக்கு வில் தானாக வரும் என்று ஆட்டப் புத்தகத்தில் எழுதியிருந்தார்களே, அதே சரக்கு.

வெள்ளைக்காரன் போய்விட்டான், விதி போகவில்லை. அதை எதிர்த்த வழக்கைப் பெங்களூரில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் தள்ளுபடி செய்தது. குடவருக்கும், ஜம்மா என்ற பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும், உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் இந்தச் சலுகை 2029 அக்டோபர் 31 வரை செல்லும்.